அடையாளம் தெரியவில்லை

சுங்கச்சாவடியில் ஆறாவது கூண்டு என்னுடையது.
கிருஷ்ணகிரி மலை என் முதுகுப் பக்கம்.
எட்டு மணி நேரமும் நான் பார்ப்பது
கண்ணாடி இறங்குகிற அளவுக்கு மனிதர்கள்:
ஒரு நெற்றி, ஒரு மூக்கு,
சில நேரம் வெறும் கையும் காதும்.

சில்லறை இருந்த காலத்தில் எல்லோரும் இறக்கினார்கள்.
ஸ்டிக்கர் வந்தபின்
கம்பம் தானாக எழுகிறது, தானாக விழுகிறது.
கணக்கில் காசில்லாதவர்கள் மட்டும்
எனக்கு முகம் காட்டுகிறார்கள்.

முதலில் மெஷின்மேல் பழிபோடும் புருவம்.
அடுத்து, பக்கத்து இருக்கையில் இருப்பவர்
கவனித்தாரா என்று ஓடித் திரும்பும் கண்.
பர்ஸை எடுக்க இடுப்பைத் தூக்கும்போது
எவ்வளவு பெரிய கார்க்காரரும்
ஒண்ணுக்குப் போகணும் சார் என்று
விரலைத் தூக்கி நிற்கிற மூன்றாம் வகுப்புப் பையன்.

ஐந்தாவது கூண்டில் தபஸ்ஸும்.
அவள் பெயருக்குப் புன்னகை என்று அர்த்தமாம்.
அதைச் சொன்னபோதும் சிரிக்கவில்லை.
டீ நேரத்தில் போனில் தொடர்கதை படிப்பாள், சத்தமாக.
‘அவன் உதட்டோரம் ஏளனம் நெளிந்தது.’
எந்த ஓரம்?
‘இடது’ என்றாள், யோசிக்காமல்.
அவளுக்குத் தெரிகிறதாம்:
மீசை, தாடைக் குழி,
மேல் பொத்தான் போடாத சட்டை வரைக்கும்.

நானும் கண்ணை மூடிப் பார்த்தேன்.
ஏளனம் வந்தது.
நெளிந்தது கூட வந்தது.
உதடு வரவில்லை.

எனக்கு எந்த முகமும் வராது.
கண்ணை மூடினால் கரண்டு போன வீடு.
எது எங்கே என்று தெரியும்,
தடவித்தான் எடுக்க வேண்டும்.
பர்கூரில் இருக்கும் என் அண்ணன்
பதில் சொல்லுமுன் தொண்டையைச் செருமி
வலது தோளை ஒருமுறை இறக்குவான்.
அவ்வளவுதான் என் அண்ணன்.
மீதி ரேஷன் கார்டில் இருக்கிறது.

ஆனி மாதம், மழை இரவு,
கூழ் ஃபேக்டரிக்கு மாங்காய் லோடு நீள வரிசை.
ஒரு வெள்ளை வேன்
கம்பத்தை முறித்துக்கொண்டு போய்விட்டது.
நம்பர் பிளேட்டில் சேறு,
கேமராவில் தண்ணீர்.

எஸ்.ஐ. கேட்டார்: ஆள் எப்படி?
கறுப்பா, சிவப்பா? நீள முகமா, உருண்டையா?

கண்ணாடியைப் பாதிதான் இறக்கினான் சார்.
என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான்.
தூங்குகிற குழந்தையின் காலைப் பிடிப்பதுபோல
ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.
இரண்டு மடங்கு கட்டணும் என்றேன்,
கழுத்து உள்ளே போய்விட்டது.
அடி வாங்கிப் பழகிய கழுத்து சார்.
யாருக்கோ பயந்துகொண்டிருந்தான், எனக்கில்லை.

அவர் பேனாமூடியால் காதைக் குடைந்தார்.
அது அலுப்பு. எனக்குத் தெரியும்.
எழுதினார்: அடையாளம் தெரியவில்லை.

அப்போது தபஸ்ஸும் வந்தாள்.
அவள் கூண்டுக்கும் அந்த வேனுக்கும் நடுவில்
பால் டேங்கர் ஒன்று நின்றிருந்தது.
‘சப்பை மூக்கு. கன்னத்தில் மரு.’
எந்தக் கன்னம்?
‘இடது.’

எஸ்.ஐ. நிமிர்ந்து உட்கார்ந்தார்.
பேனா ஓடியது.
அவர் போனபின் தபஸ்ஸும் சிரித்தாள்,
முதல் தடவையாக.
எப்படிச் சிரித்தாள் என்று கேட்காதீர்கள்.
சிரித்தபடி துப்பட்டா நுனியை
விரலில் சுற்றிச் சுற்றி
இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

காலை ஆறேகாலுக்கு
காவேரிப்பட்டணம் பஸ்.
கண்டக்டருக்கு இடது கன்னத்தில் மரு.
நாலு வருஷமாக ஒரே பஸ், ஒரே ஆள்,
இன்றுதான் பார்க்கிறேன்.

எங்கம்மா போகணும் என்று குனிந்தார்.

என் கழுத்து
உள்ளே போனது.